பேசுவதற்கு முன் ஒரு வட்டம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால் ‘நக்கோ’ என்றுதான் சொல்லியிருப்பார். மல்காஜ்கிரி ரயில்வே குடும்பத்துத் தமிழர்களுக்கு வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் சின்னவர்தான். அவர் என்னை டிரைவர்ணா என்பார்.

நான் ஹைதராபாத்தில் தங்கியது திட்டம் போட்டு அல்ல. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறியவன். நிஜாமாபாத் பக்கம் ஒரு காட்டில் குழாய் நழுவி இடது கையில் விழுந்தது. இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. குழாய் தூக்க அந்தக் கை ஆகாது என்றார்கள், உண்மைதான். லாரி ஊருக்குத் திரும்பியது, நான் திரும்பவில்லை. ஸ்டியரிங் பிடிக்க மீதி எட்டு விரல் போதும். மல்காஜ்கிரியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இலவசக் கண் பரிசோதனைக்கென்று ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அதற்கு டிரைவர் வேண்டியிருந்தது. அந்த வேனில் கண் பார்ப்பவர்தான் அக்கா. மூன்று வருடம் ஓட்டினேன். அதன் பிறகு வழக்கம்போல் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். ஒருவரைப் பார்த்து முடித்ததும் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு வேறு அட்டையை மாட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்றால் நாற்பது தடவை.

“எதுக்குங்க்கா ஒவ்வொருக்காவும் மாத்தறீங்க?” என்று கேட்டேன்.

“வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்கல்ல, உள்ள இருக்கிறவரு படிக்கிறது அவங்க காதுல விழும். உள்ள வந்து அதையே சொல்வாங்க. கண்ணால படிக்க மாட்டாங்க டிரைவர்ணா, காதால படிப்பாங்க.”

“ஏமாத்தறாங்களா?”

“அய்ய, இல்ல. அவங்களுக்கு நிஜமாவே தெரியும். ஆறாவது வரில ஒண்ணுமே தெரியாத பெரியவரு, பி-ன்னு முன்னாடியே கேட்டுட்டு வந்தா, அங்க பி தெரியும். சத்தியம் பண்ணுவாரு. அந்த சத்தியம் பொய் கிடையாது.”

இதுதான் அவர். பார்த்தேன் என்று யார் சொன்னாலும், என்ன சொன்னாலும், இல்லை என்று சொல்ல மாட்டார். சுவரில் சாமி முகம் தெரிந்தது என்பார்கள், செத்துப்போன மாமனார் வாசலில் நின்றார் என்பார்கள். கண் பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏனோ இதையெல்லாம் சொல்வார்கள். அக்கா லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்பார். முடிவில் ஒரே கேள்வி: “பக்கத்துல யாரு இருந்தாங்க? அவங்க சொன்னதுக்கு அப்புறம் பார்த்தீங்களா, சொல்றதுக்கு முன்னாடியா?” அவ்வளவுதான். பதில் எதுவானாலும் “ஹவ்”, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு லென்ஸைப் போடுவார்.

என் கதையையும் கேட்டிருக்கிறார். மராத்வாடாவில் ஒரு சாயங்காலம் லாரிக்குப் பின்னாலேயே ஒரு வெளிச்சம் வந்தது. நாங்கள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது, நின்றால் நின்றது. வண்டியில் ஆறு பேர், ஆறு பேரும் பார்த்தோம். இதைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“எத்தனை நாள் தூங்காம இருந்தீங்க?” என்றார்.

“மூணு நாளுங்க. ரெண்டு குழி வறண்டு போச்சு, சோறும் சரியா இல்ல.”

“பயந்தீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லீங்க. கூட ஒரு ஆள் வர்ற மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப நல்ல வெளிச்சம்தான்” என்றார். ஒரு மாதம் கழித்து, நாகாரம் பக்கத்தில் பரிசோதனை முடித்துத் திரும்பும்போது, பொழுது சாயும் நேரத்தில், முன் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினார். மேற்கே ஒரு வெள்ளி. மரங்களுக்கு மேலாக, எங்கள் வேகத்துக்குச் சரியாக ஓடி வந்துகொண்டிருந்தது. நான் பிரேக் போட்டேன், அதுவும் நின்றது. “நம்ம கூடவே வருதுல்ல?” என்றார். நான் வெட்கப்படக் கூடாதென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தெர்மாஸைத் திறந்தார்.

அமீர்பேட்டில் ஒரு பெண்கள் விடுதி. கோச்சிங் படிக்கும் பிள்ளைகள், ஒரு அறைக்கு ஆறு கட்டில். பக்கத்துக் கட்டடத்தில் செல்போன் டவர் வைத்த வாரத்தில் பதினொரு பெண்களுக்குக் கண் மங்கலாகிவிட்டது. டவர்தான் காரணம் என்று விடுதி முழுக்கப் பேச்சு. அக்கா வேன் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. வார்டன் அம்மா வெளியே நின்று, “பாத்தீங்களா, அடுத்த வாரம் பரீட்சை, அதான் நடிக்குதுங்க” என்றார். அக்கா கோபத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நடிக்கல மேடம். அதுங்களுக்கு மங்கலாத்தான் தெரியுது. கண்ணு நல்லா இருக்கு, பார்வை மங்கலா இருக்கு. ரெண்டும் நிஜம். கைக்கு, எதுக்கு இந்தப் புள்ளைங்கள திட்டுறீங்க? டவர் இன்னும் ஆன்கூட பண்ணலையாம், கீழ வாட்ச்மேன் சொன்னாரு. அதையும் அதுங்க கிட்ட இப்ப போய் சொல்லாதீங்க. காலைல என்ன டிபன் போடுறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”

பரீட்சை முடிந்ததும் மங்கலும் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். டவர் அதன்பின் ஓட ஆரம்பித்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சைனிக்புரியில் இதனாலேயே ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் போலிருந்தது.

சைனிக்புரியைத் தாண்டி ஒரு புதிய அபார்ட்மென்ட். எல்லாரும் வெளியூரிலிருந்து வந்து வாங்கியவர்கள். அதன் செக்ரட்டரி கும்பகோணத்துக்காரர், பேங்கில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே பரிசோதனை வைக்கச் சொன்னார். நாங்கள் போனபோது இன்னும் சூரியன் வரவில்லை. அக்கா வேனுக்குள் மெஷினுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது வாட்ச்மேன் மேலே பார்க்கச் சொல்லிக் கேட்டிலிருந்து கத்தினான். பாலமூர்ப் பக்கத்து ஆள், மனைவியோடும் பத்தாவது படிக்கும் மகளோடும் கீழே கார் நிறுத்தும் இடத்து அறையில் இருந்தான்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் ஒரு உருண்டை. தரையில் இன்னும் இருட்டு. அது மட்டும் பளபளவென்று எரிந்தது. நகராதது போலவும் இருந்தது, நகர்வது போலவும் இருந்தது.

அக்கா வேனுக்குள்ளிருந்தே கத்தினார்: “டிரைவர்ணா! யாரையும் பேச விடாதீங்க! சீட்டக் குடுங்க, முதல்ல வரையச் சொல்லுங்க!”

பேரும் வயதும் எழுதுவதற்கு எங்களிடம் எப்போதும் சீட்டும் பென்சிலும் இருக்கும். கொடுத்தேன். செக்ரட்டரி, வாட்ச்மேன், இன்னும் ஏழெட்டுப் பேர், நான். மந்திரிப்பது மாதிரி எல்லாரும் தலைகுனிந்து வரைந்தார்கள். நான் வரைந்தது முட்டை மாதிரி வந்தது. சீட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் டீ வந்தது. டீயோடு பேச்சும் வந்தது.

“கீழ லைட் மாதிரி இருக்கே” என்றார் ஒருவர். “லைட் இல்ல சார், ஜன்னல். வரிசையா இருக்கு பாருங்க.” “ஆமா ஆமா, அஞ்சு.” “ஏழு!” என்றார் செக்ரட்டரி. ஒரு அம்மாவுக்கு ம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்டது, உடனே எல்லாருக்கும் கேட்டது. அக்கா மெஷினை ஓட வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், அவரும் ஒரு சீட்டில் வரைந்து என்னிடம் கொடுத்தார். பிறகு வெயில் வந்தது, உருண்டை வெளிறிப் போயிற்று.

திரும்பும்போது வேனில் சொன்னார்: “ஆராய்ச்சிக்கு விடுற பலூனா இருக்கும்ணா. இந்தப் பக்கத்துல இருந்து விடுவாங்கன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு.”

“அங்கயே சொல்லியிருக்கலாமுங்களே?”

“யாரு கேட்டா? அந்த செக்ரட்டரி மூஞ்சிய பார்த்தீங்களா, கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. கெடுப்பானேன்.”

மறுநாள் வீடியோ சேனல்காரன் ஒருவன் வந்தான். செக்ரட்டரி ஏழு ஜன்னல், அதில் ஒன்றில் நின்ற உருவம் என்று கையை விரித்துச் சொன்னது எல்லார் போனிலும் வந்தது. விண்ணோடு பேசும் தியானம் சொல்லித்தருகிறேன் என்று ஒருவர் கிளப் ஹவுஸைக் கேட்டார். வியாழக்கிழமை பேப்பரில் நாலு வரிச் செய்தி: அது பலூன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடியிருப்புப் பிள்ளைகள் செக்ரட்டரி கார்க் கண்ணாடியில் ஏழு பலூன் ஊதிக் கட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது சனிக்கிழமை காலை, தயாரான கண்ணாடிகளைக் கொடுக்கப் போனபோது. வாட்ச்மேன் அறை வாசலில் இரண்டு சாக்கு மூட்டை இருந்தது. அவன் மனைவி அடுப்பைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நேனு தாகலேது மேடம்” என்றான் வாட்ச்மேன். நான் குடிக்கவில்லை என்று. அவன் தெலுங்கில் சொல்லச் சொல்ல அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். அவன் குடித்துவிட்டுக் கத்தி எல்லாரையும் கிளப்பிவிட்டதால்தான் இந்த அவமானம் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். மகளுக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். பாலமூர் போய்விட்டால் அவள் எப்படி எழுதுவாள் என்று அந்த அம்மா கேட்டாள். என்னிடமா, அடுப்பிடமா என்று தெரியவில்லை.

“அந்த சீட்டெல்லாம் எங்கண்ணா?” என்றார் அக்கா. வண்டிப் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றைப் பார்த்ததும் முகம் மாறியது. இரண்டு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தந்தார்.

செக்ரட்டரி வீடு மூன்றாவது மாடி. கண்ணாடிக் கூட்டை நீட்டியதும் மாட்டிப் பார்த்துவிட்டு, “நன்னா இருக்கு. எவ்வளவு பாக்கி?” என்றார் சுருக்கமாக. பின்னால் அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார்.

“சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். சொல்லணும்” என்றார் அக்கா.

“என்ன தப்பு?”

ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உருண்டை, அதன் கீழே வரிசையாக நாலு ஜன்னல். மூலையில் அக்காவின் கையெழுத்து.

“இது நான் வரைஞ்சது. பெஞ்சுல இருக்கிறவங்க காதால படிப்பாங்கன்னு பதினேழு வருஷமா சொல்றவ நான். அன்னைக்குக் கீழ இறங்கும்போது நீங்கல்லாம் ஜன்னல் ஜன்னல்னு பேசிட்டிருந்தீங்க. எனக்கும் தெரிஞ்சுது சார். பலூன்னு மனசுல நினைச்சுக்கிட்டே நாலு ஜன்னல் போட்டிருக்கேன். இப்ப கீழ பிரிச்சுப் பார்க்குற வரைக்கும் ஞாபகமே இல்ல.”

செக்ரட்டரி சீட்டைக் கையில் எடுத்தார். புதுக் கண்ணாடியை மேலே தள்ளி, கீழே தள்ளிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். “நாலுதானா? நான் ஏழு பார்த்தேனே!”

“ஹவ் சார். இது உங்களோடது.”

இரண்டாவது சீட்டை வைத்தார். அதில் ஒரு வட்டம். வேறொன்றும் இல்லை. உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது நான் வரைஞ்சதா?”

“பேரு, வயசு நீங்களே எழுதியிருக்கீங்க. டீ வர்றதுக்கு முன்னாடி. வாட்ச்மேன் கத்தினாரே ஒழிய ஜன்னல்னு சொல்லல. அவரும் வட்டம்தான் போட்டிருக்காரு. அவரு உங்கள ஏமாத்தல, நீங்களும் யாரையும் ஏமாத்தல. நாம டீ குடிச்சுக்கிட்டே பேசிட்டோம், அவ்ளோதான். பலூனா இருக்கும்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அதனால கீழ ஒரு அம்மா அடுப்பக் கட்டிட்டிருக்கு. அது என் தப்பு.”

“இந்தச் சீட்டை வேற யார் பார்த்தா?”

“நாங்க ரெண்டு பேருதான். நீங்களே வச்சுக்கங்க. கிழிச்சாலும் சரி.”

அவர் கிழிக்கவில்லை. மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: “பையன் சிட்னியில இருக்கான். ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம் பேசுவான். இந்த வாரம் தினமும் கூப்பிட்டான். என்ன ஆச்சுப்பா, இன்னும் என்ன பார்த்தேன்னு கேட்டுண்டே இருந்தான். இவரும் தினமும் ஒண்ணு சேர்த்துச் சொன்னார்.”

“நீ சும்மா இரு” என்றார் செக்ரட்டரி. ஆனால் கோபமாக இல்லை. “அவன்கிட்ட எப்படிச் சொல்றது? நேத்துகூட அந்த உருவம் கையசைச்சுதுன்னு சொல்லிட்டேனே.”

“இப்பவே போன் போடுங்க சார்” என்றார் அக்கா. “நாளாச்சுன்னா இன்னும் கஷ்டம்.”

போட்டார். ஸ்பீக்கரில் மகன் குரல் வந்தது. “சொல்லுப்பா.”

“டேய்… அது பலூனாம்டா.”

“தெரியும்பா. வியாழக்கிழமையே நெட்ல படிச்சேன்.”

செக்ரட்டரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்புறம் எதுக்குடா நேத்தும் கூப்பிட்டே?”

“நீ பேசிண்டிருந்தே. கேக்க நன்னா இருந்துது.” அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “கையசைச்சுதுன்னியே, அதுதான் கொஞ்சம் ஓவர். சரி, நிஜமாவே எப்படி இருந்துது?”

அவர் மேஜையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். “ஒண்ணுமில்லடா. உருண்டையா இருந்துது. கீழ எங்களுக்கெல்லாம் இருட்டு, அதுக்கு மட்டும் வெயில் வந்துடுத்து. ஒரு பக்கம் ரோஜாக் கலர், இன்னொரு பக்கம் வெள்ளி. சத்தமே இல்ல. அப்படியே நின்னுது.” சொல்லிவிட்டு, “நன்னா இருந்துதுடா” என்றார்.

பதினைந்து நிமிஷம் பேசினார்கள். பாதியில் பலூனை விட்டுப் பேரனின் பல்வலிக்குப் பேச்சு போயிற்று. நாங்கள் மோரைக் குடித்து முடித்தோம். அக்கா தன் சீட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போனை வைத்ததும் செக்ரட்டரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எங்களோடு லிஃப்டில் இறங்கி வந்தார். வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் மனைவி மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டாள். அவர் தனக்குத் தெரிந்த தெலுங்கில் “வெள்ளொத்து” என்றார். போகவேண்டாம். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து அடுப்பைக் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவரே அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுக்கமாக இருந்தது, வரவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டு வாங்கி அவிழ்த்தாள்.

வாட்ச்மேன் கைகளைப் பிசைந்துகொண்டு ஏதோ சொன்னான். அக்கா தமிழில் சொன்னார்: “இன்னைக்குக் காலைலயும் ஒண்ணு போச்சாம் சார். சொன்னா திட்டுவீங்கன்னு யாரையும் கூப்பிடலையாம். தனியா பார்த்துக்கிட்டு நின்னாராம்.”

செக்ரட்டரி வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, ஒன்றும் இல்லை.

“அடுத்த தடவை பெல் அடிக்கச் சொல்லும்மா அவனை” என்றார். “எத்தனை மணியானாலும் பரவாயில்லை.”